வழியும் வழிகாட்டியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் நெடுநேரம் பேசுவது முறையன்று என்பதை நான் அறிவேன். ஆயினும், "நம் சங்கம் ஆண்டுதோறும் சுற்றுலா நடத்துகிறது, அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும்" என்று செயலாளர் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. விடியற்காலையில் காலனியின் வாயிலில் பேருந்து வந்து நிற்பதும், புளியோதரையும் தயிர்ச்சோறும் தூக்குகளில் ஏறுவதும், முன்னிருக்கைக்குச் சிறுவர்கள் போட்டியிடுவதும் நமக்குப் புதியன அல்ல. மைசூரும் பேலூரும் சிரவணபெளகொளாவும் திருவண்ணாமலையும் நம் குடும்பங்கள் பலமுறை கண்ட இடங்களே.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரே சாலை, ஒரே கோயில், ஒரே கட்டணம். ஒரு பேருந்தில் சென்றவர்கள் திரும்பி வந்து மூன்று திங்கள் அதையே பேசுகிறார்கள். மற்றொரு பேருந்தில் சென்றவர்களைக் கேட்டால், "போனோம், வந்தோம்; கால்தான் வலிக்கிறது" என்கிறார்கள். கண்ட கல் ஒன்றுதான். கண்ட கண்களும் நம் கண்கள்தாம். பின் ஏன் இந்த வேறுபாடு? இரண்டு காரணங்கள் என் அறிவுக்கு எட்டுகின்றன. ஒன்று, நம்மை அழைத்துச் சென்று விளக்கிய வழிகாட்டி. மற்றொன்று, நாம் சென்ற முறை. இவ்விரண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஆற்றுப்படை கண்ட இனம்

வழிகாட்டுதலை இலக்கியத்தின் ஒரு துறையாகவே ஆக்கியவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, "இவ்வழியே செல்க, இன்னாரைக் காண்க" என்று ஆற்றுப்படுத்துவதே அவற்றின் பொருள். ஆறு என்றால் வழி. படை என்றால் செலுத்துதல்.

இந்த வழிகாட்டியிடம் இரண்டு சிறப்புகளைக் காண்கிறோம். முதலாவது, அவன் தானே அவ்வழியில் நடந்து வந்தவன். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் ஊரிலும் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் அவன் சொல்கிறான். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும் என்பது வரை அவன் மறக்கவில்லை. இரண்டாவது, அவன் இன்பத்தை மட்டும் சொல்லி ஆசை காட்டுவதில்லை, இடரையும் சொல்கிறான். 583 அடிகளால் ஆன மலைபடுகடாத்தில், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும், வழுக்கும் பாறை எது, பாம்பு உறையும் குழி எது என்றெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கிறான்.

அந்த மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. இன்று அதனைச் செங்கம் என்கிறோம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் செல்லும் நம் பேருந்துகள் அந்தச் செங்கத்தைக் கடந்துதான் செல்கின்றன. எத்தனை முறை கடந்திருக்கிறோம்! அவ்வூர் வரும்போது பேருந்தில் ஒருவர் எழுந்து நின்று, "பத்துப்பாட்டில் ஒரு பாட்டு முழுவதும் இந்த ஊருக்கு வழி சொல்கிறது" என்று கூறியிருந்தால், உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப்பேராவது சன்னலைத் திறந்து பார்த்திருப்பார்கள் அல்லவா? வழிகாட்டி இல்லாத பேருந்துக்குச் செங்கம் ஒரு தேநீர்க்கடை. வழிகாட்டி உள்ள பேருந்துக்கு அது ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய ஒரு நாட்டின் தலைவாயில்.

கவுந்தியடிகளின் தெளிவு

சிலப்பதிகாரத்தில் மற்றொரு வழிகாட்டியைக் காண்கிறோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து செல்லும்போது மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். மதுரைக்கு வழி கேட்கிறார்கள். கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, மூன்றையும் அவன் விரிக்கிறான். இடப்பக்கத்து வழியில் திருமால் குன்றமும், அங்கே மூன்று பொய்கைகளும் உண்டு. அவற்றில் மூழ்கினால் வியத்தகு பயன்கள் கிட்டும் என்கிறான். இக்காலச் சுற்றுலா விளம்பரங்களில் காணும் ஆர்வம் அவன் சொல்லில் இருக்கிறது.

கவுந்தியடிகள் அவனை இகழவில்லை. ஆனால், அந்தப் பொய்கைகள் தமக்கு வேண்டுவதில்லை என்று விடை கூறி, இடை வழியையே தேர்ந்தெடுக்கிறார். வழிகாட்டி அறிந்ததைச் சொல்லலாம். எவ்வழி செல்வது என்று துணிய வேண்டியவர் பயணத் தலைவர். இந்த வேறுபாட்டை நம் சுற்றுலாக் குழுவினர் மனத்தில் கொள்ள வேண்டும். புறப்படும் முன்பே "நாம் எதற்காகச் செல்கிறோம்?" என்ற கேள்விக்கு விடை இருந்தால், வழியில் யார் எத்தனை பொய்கைகளைக் காட்டினாலும் பயணம் திசைமாறாது.

கூட்டுப் பயணத்தின் கதை

கூட்டமாகப் பயணம் செல்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் கூட்டம் கூட்டமாக நடந்தவர்கள் நாம். சென்னையில் உயர்நீதி மன்றம் ஏற்படுவதற்கு முன் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி என்பவர், ஏறத்தாழ நூறு பேரை உடன் அழைத்துக்கொண்டு 1830 மே மாதத்தில் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய பயணக் குறிப்பில் கோயில்களின் பெருமை மட்டுமா உள்ளது? எந்த ஊரில் கடை உண்டு, எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே தங்க இடம் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் நாள்தோறும் குறித்திருக்கிறார். நூறு பேரைக் காக்கும் பொறுப்புடைய தலைவரின் கண் அது.

மேலைநாட்டில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5ஆம் நாள் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றார். தூரம் 11 மைல். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். அவர் அப்போது வணிகம் கருதிப் புறப்படவில்லை. மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கு மக்களை அழைத்துச் சென்றார். தாமும் உடன் சென்றார். அந்தப் பதினொரு மைலிலிருந்து உலகளாவிய ஒரு தொழில் பிறந்தது. பிரிட்டனில் அவர் பெயரால் நடந்த பெருநிறுவனம் 2019 செப்டம்பரில் வீழ்ந்துவிட்டது. ஆனால், கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், எல்லாம் முன்னரே ஏற்பாடாகியிருக்க வேண்டும், பொறுப்புள்ள ஒருவர் உடன் வர வேண்டும் என்று அவர் வகுத்த முறை இன்றும் எல்லாச் சுற்றுலாவுக்கும் அடிப்படையாக இருக்கிறது.

காலக் கணக்கு

இனி நம் பெங்களூருக்கு வருவோம். "ஒரே நாளில் சிரவணபெளகொளா, பேலூர், ஹளேபீடு" என்ற அறிவிப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று இடங்களையும் சுற்றித் திரும்பப் பேருந்து ஓட வேண்டிய தொலைவு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். ஊர்களையும் வேகத்தடைகளையும் கடந்து மணிக்கு 45 அல்லது 50 கிலோமீட்டர் ஓடினால், பத்து மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். காலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 10 மணிக்குத் திரும்பினால் கையில் இருப்பது 16 மணி நேரம். உணவுக்கும் தேநீருக்கும் பிற தேவைகளுக்கும் இரண்டு மணி நேரம். மிஞ்சுவது நான்கே மணி நேரம். விந்தியகிரியின் 600க்கும் மேற்பட்ட படிகளில் முதியவர்களும் குழந்தைகளும் ஏறி இறங்க அதில் பாதி போய்விடும். எஞ்சிய இரண்டு மணி நேரத்தில் ஹொய்சளரின் இரண்டு பெருங்கோயில்களை எப்படிக் காண்பது?

முன்னர் ஒருமுறை நான் உடன் சென்ற ஒரு சுற்றுலாவில் இதுவே நிகழ்ந்தது. ஹளேபீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. "விரைவாகப் பாருங்கள், பத்து நிமிடம்" என்றார் பேருந்தோடு வந்தவர். சுவர் முழுதும் யானையும் குதிரையும் யாளியும் இராமாயண பாரதக் காட்சிகளும் வரிசை வரிசையாக இருக்க, எங்கள் கூட்டம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, "இவ்வளவு தூரம் வந்து சுவரைத் தொட்டும் பார்க்கவில்லையே, தம்பி" என்றார். தொடுவது கூடாது என்பது வேறு. அந்த அம்மையாரின் ஏக்கம் வேறு.

ஆதலால் என் முதல் வேண்டுகோள் இது: ஒரு நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டா. பேலூரும் ஹளேபீடும் 16 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. அவை ஒரு நாளுக்குப் போதும். சிரவணபெளகொளாவுக்குத் தனியே ஒரு நாள் செல்லலாம். வெயில் ஏறும் முன் மலை ஏறிவிட்டால் பாறை கால் சுடாது. படியேற இயலாத முதியவர்க்கு டோலி உண்டு. அதனை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கழிப்பிட வசதி எங்கே இருக்கிறது என்பதை முன்னரே அறிந்து, அதற்கேற்பப் பேருந்தை நிறுத்தும் இடங்களை வகுக்க வேண்டும். இதைச் சொல்ல நாணுவதால்தான் நம் தாய்மார்கள் பலர் பயண நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கதையும் கல்வெட்டும்

அடுத்து, விளக்கிச் சொல்லும் வழிகாட்டியைப் பற்றிப் பேசுவோம். பேலூர்ச் சென்னகேசவர் கோயில் விஷ்ணுவர்த்தன மன்னனால் 1117இல் நிறுவப்பட்டது. அங்கே செல்லும் ஒவ்வொரு கூட்டமும் ஜக்கணாச்சாரியின் கதையைக் கேட்கிறது. பெருஞ்சிற்பி ஜக்கணாச்சாரி வடித்த சிலையில் குறையிருப்பதாக ஓர் இளைஞன் சொன்னான். சோதித்தபோது கல்லுக்குள்ளிருந்து தேரை வெளிப்பட்டது. சொன்ன சொல்லுக்காகச் சிற்பி தன் கையையே வெட்டிக்கொண்டார். அந்த இளைஞன் அவருடைய மகனே என்று பின்னர்த் தெரிந்தது. நெஞ்சை உருக்கும் கதைதான். சொல்லட்டும், நாமும் கேட்போம். ஆனால் அது கதை என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஏனெனில் அந்தக் கோயிலிலேயே உண்மையான சிற்பிகள் தம் பெயரைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பள்ளிகாவி ஊரைச் சேர்ந்த தாசோஜன், அவன் மகன் சாவணன் என்ற பெயர்கள் பேலூரில் உள்ளன. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரத்துக் கோயிலில் மல்லிதம்மன் என்ற சிற்பியின் பெயர் பல சிலைகளின் கீழே காணப்படுகிறது. நம் நாட்டுக் கோயில்களில் செய்தவன் பெயர் தெரிவது அரிது, இங்கே தெரிகிறது. கதைச் சிற்பியை மட்டும் சொல்லி, பெயர் பொறித்த சிற்பியைச் சொல்லாமல் விடும் வழிகாட்டி, அறியாமலே அந்த உழைப்பாளிக்கு அநீதி செய்கிறார். இந்தியாவின் ஹொய்சளர் கோயில்களான பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய மூன்றும் 2023 செப்டம்பரில் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டுள்ளன. அத்தகைய இடத்தில் உண்மையைச் சொல்வது வழிகாட்டியின் கடமை.

நல்ல வழிகாட்டி கேட்பவரின் வீட்டிலிருந்து விளக்கத்தைத் தொடங்குவார். இவ்வளவு நுண்ணிய அணிகலன்களைக் கல்லில் எப்படிச் செதுக்கினார்கள் என்று நம் தாய்மார்கள் வியக்கிறார்கள். "அம்மா, உங்கள் வீட்டில் கல்சட்டி இருந்ததா? அந்த மாக்கல்லின் இனம்தான் இது. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும்; காற்றுப் பட்ட பின் இறுகும்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோயில் உடனே அவர்களுக்கு உறவாகிவிடும். நூறு ஆண்டுப் பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு சொல் அதிகம் விளக்கும்.

பாதத்தில் உள்ள தமிழ்

இப்போது நம் உள்ளத்துக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன். சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசுவரரை, கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். அந்தப் பெருஞ்சிலையின் பாதத்தருகே கல்வெட்டுகள் உள்ளன. இதனைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தி அங்கே கன்னடத்தில் இருக்கிறது, மராத்தியில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. தமிழ் வாசகம் கிரந்தமும் வட்டெழுத்துமாக எழுதப்பட்டுள்ளது. கன்னட நாட்டின் நடுவே, கங்க மன்னனின் அமைச்சர் எடுப்பித்த சிலையின் கீழே, தமிழர்களும் வந்து படிப்பார்கள் என்று எண்ணித் தமிழிலும் பொறிக்கச் செய்த அந்த நல்லுள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.

நம்மில் எத்தனை பேர் அந்த மலை ஏறியிருக்கிறோம்! எத்தனை பேர் அந்த எழுத்தைக் கண்டோம்? கண்டாலும் நம்மால் படிக்க இயலாது. வட்டெழுத்தை இன்று கற்றவரே படிப்பர். கன்னடம் கற்ற நம் பிள்ளைகளும் அந்தப் பழங்கன்னட எழுத்தை எளிதில் படிக்க மாட்டார்கள். அதனால்தான் வழிகாட்டி வேண்டும் என்கிறேன். அவர் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் நாம் வானளாவிய முகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். பாதத்தில் நமக்காக எழுதி வைத்த செய்தி படிக்கப்படாமலே கிடக்கும்.

தொலைவுகூடச் செல்ல வேண்டா. நம் நகரிலேயே தொம்மலூர்ச் சொக்கப் பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி. எல். ரைஸ் வெளியிட்ட கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் பெங்களூர், கோலார் மாவட்டங்களைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் மிகப் பல. அரைநாள் போதும், நகரப் பேருந்தில் ஏறிச் சென்று பார்த்து வரலாம்.

பெருமையும் பணிவும்

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "இதுவும் நம்முடையது, அதுவும் நம்முடையது" என்று மார்தட்டுவதற்கு இந்தச் செய்திகளைப் பயன்படுத்தும் வழிகாட்டி நமக்கு வேண்டா. அவர் பேச்சு இனிக்கும்; இறங்கி வரும்போது பக்கத்து வீட்டாரை அயலாராக்கி விட்டிருக்கும். அதுபோலவே, தமிழ்க் கல்வெட்டைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்லும் வழிகாட்டியும் வேண்டா. இருவரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள்.

முழு உண்மை இருபுறமும் செல்லும் சாலை. கன்னட நாட்டில் சோழர் கல்வெட்டு இருப்பதுபோலத் தமிழ்நாட்டில் ஹொய்சளரின் கொடை இருக்கிறது. திருச்சிக்கு அருகே கண்ணனூரில் ஹொய்சளர் அரசிருக்கை அமைத்து ஆண்டார்கள். திருவண்ணாமலையில் நாம் நிமிர்ந்து பார்த்து வணங்கும் வல்லாள மகாராசன் கோபுரம், மூன்றாம் வீர வல்லாளன் என்னும் ஹொய்சள மன்னனின் பெயரைத் தாங்குவது. ஹளேபீட்டுக்கும் அண்ணாமலைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் தீட்டப்பட்ட பெரும் போர்க்களம் எங்கே நடந்தது? 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் நடந்தது. இதைச் சொல்லும் வழிகாட்டியின் பின்னே நடக்கும் சிறுவனுக்கு இரு மாநில எல்லை ஒரு கோடாகத் தெரியுமேயன்றிச் சுவராகத் தெரியாது.

1991ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் காவிரி நீரின் பெயரால் இந்நகரம் கண்ட கசப்பான நாட்களை நாம் மறந்துவிடவில்லை. அவற்றைக் கடந்து வந்ததையும் மறக்கக் கூடாது. பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே திங்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கண்ணம்பாடி அணையின் கரையில் நம் பேருந்து நிற்கும்போது, அந்த அணையைப் பற்றி நம் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம், எந்தக் குரலில் சொல்கிறோம் என்பது சிறிய செய்தி அன்று. இந்த மண்ணில் அவர்கள் நாளை எப்படி வாழ்வார்கள் என்பதை அந்தக் குரல் ஓரளவு தீர்மானிக்கிறது. சுற்றுலாவைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருத எனக்கு இயலாமைக்கு இதுவே காரணம்.

கடைவாயிலும் களஞ்சியமும்

வழிகாட்டிகளைப் பற்றி நாம் முறையிடும் மற்றொன்று, அவர்கள் நம்மைக் கடைக்கு அழைத்துச் செல்வது. கோயிலில் இருபது நிமிடம், பட்டுக்கடையிலும் சந்தனக் கடையிலும் ஒரு மணி நேரம். வாங்கும் பொருளில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை எல்லோரும் அறிவர். அவரை மட்டும் குறை கூறிப் பயன் இல்லை. நாள் முழுதும் தொண்டை வறளப் பேசுபவர்க்கு நாம் கொடுக்கும் கூலி எவ்வளவு? ஐம்பது பேர் சேர்ந்து பேரம் பேசி அவர் கூலியைக் குறைத்துவிட்டு, பின்னர் அவர் கடைக்காரரிடம் கைநீட்டுகிறார் என்று வருந்துவது நியாயமா? நியாயமான ஊதியத்தை முன்னரே பேசிக் கொடுத்துவிட்டு, "கடைக்கு நாங்களே செல்வோம், நீங்கள் கோயிலைக் காட்டுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒப்புவார்கள்.

நம் அருகிலேயே உள்ள வழிகாட்டிகளையும் நாம் அறிவதில்லை. கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் பூமிக்குள் இறங்கிய சுரங்கங்கள் அவை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் சென்றது. பெங்களூருக்கு அது வந்தது 1905இல்தான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அங்கிருந்து வந்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். சுரங்கத்தில் இறங்கி உழைத்த ஒரு பெரியவரை உடன் அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றால், அவர் சொல்வதற்கு இணையான விளக்கத்தை எந்த நூலில் காண முடியும்? தானே நடந்த வழியைச் சொல்லும் பாணன் அவர்தான். அவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சங்கத்துக்குச் சில விண்ணப்பங்கள்

இனிச் சுருக்கமாகச் சில விண்ணப்பங்களை முன்வைத்து அமர்கிறேன்.

முதலாவது, சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பு நம் கூடத்தில் அரைமணி நேரம் அந்த இடத்தைப் பற்றி ஒருவர் பேசட்டும். அறிந்து செல்பவர் கண்ணுக்கே கல் வாய் திறக்கும்.

இரண்டாவது, ஒரு வழிகாட்டிக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டா. ஐம்பது பேர் சூழ்ந்து நின்றால் பின்வரிசையில் இருப்பவர்க்குக் குரலும் கேட்காது, சிலையும் தெரியாது. குழுவை இரண்டாகப் பிரித்து, இரண்டு வழிகாட்டிகளை அமர்த்துவோம். செலவு ஆளுக்குச் சில ரூபாயே கூடும்.

மூன்றாவது, அரசின் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்துவோம். அவர் அரைகுறைத் தமிழில் திணற வேண்டா. தம் கன்னடத்தில் நிறைவாகப் பேசட்டும். பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். இரு மொழியும் அறிந்த பிள்ளை, அன்று வீட்டுப் பெரியோர்க்கே வழிகாட்டியாவான். இதனைவிடச் சிறந்த மொழிப் பயிற்சியும் தன்னம்பிக்கையும் அவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

நான்காவது, ஒவ்வொரு சுற்றுலாவிலும் ஒரு மணி நேரத்தைத் திட்டம் எதுவும் இல்லாமல் விட்டுவிடுவோம். யாரும் விளக்க வேண்டா. யாரும் விரட்ட வேண்டா. அவரவர் விரும்பிய தூணருகே அமர்ந்து பார்க்கட்டும். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன் கண்ணால் ஒருமுறை பார்க்கும் பழக்கம் அந்த ஒரு மணியில் வரும்.

ஐந்தாவது, திரும்பி வந்த பின் பிள்ளைகள் தாம் கண்டதை ஒரு பக்கம் எழுதட்டும். அவற்றில் நல்லவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். சென்று வந்தவர் செல்லாதவர்க்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை?

வரும் சுற்றுலாவுக்குச் சிரவணபெளகொளாவைத் தேர்ந்தெடுக்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் மலை ஏறுவோம். முகத்தை வணங்கிய பின் பாதத்தருகே நின்று, கன்னடமும் தமிழும் மராத்தியும் ஒரே செய்தியைச் சொல்லும் அந்தக் கல்லை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.